ராமுத்தாய் அக்கா முட்டியில் உறைக்காத இடம்

1. செருப்பு அடுக்கியது

போடியில் அந்த எலும்பு ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த முதல் நாள், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செருப்பு அடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். உள்ளே போகிறவர்கள் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டுப் பச்சை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். வெளியே வரும்போது ஆளுக்கொரு பக்கம் உதறிவிட்டுப் போவார்கள். அதைக் கழுவி, ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் நிற்கும் இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜெயா சிஸ்டர் இப்போது அங்கே நர்சுகளுக்கெல்லாம் தலைவி. புதிதாக வரும் ஆயாக்களுக்கு ஏதாவது சொல்லித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். "சொல்ல வராது சிஸ்டர்" என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க" என்று ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

செருப்பிலிருந்து சில மாதங்களில் வார்டுக்கு மாற்றினார்கள். பெட்ஷீட் மாற்றுவது, பெட்பேன் வைப்பது, ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவது, தியேட்டருக்குப் போகிறவர்களுக்கு உடை மாற்றுவது. அதே வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றேன். காலையில் வார்டு ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். கீழே ரோட்டில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஆரன் அடித்துக்கொண்டே போகும். கட்டிலில் கிடக்கிற பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "நம்ம ஜீப்பு போகுது பாரு" என்பார்கள். காலில் கட்டோடு கிடந்தாலும் மனசு ஜீப்பில் ஏறிவிடும். அந்தச் சத்தம் இல்லாத காலை எனக்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் பக்கம் முட்டி தேய்ந்து வருகிறவர்கள் இரண்டு விதம். ஏலத்தோட்டத்துச் சரிவில் வருஷக்கணக்காக ஏறி இறங்கித் தேய்ந்தவர்கள் ஒரு விதம். ஊருக்குள்ளே ஏலக்காய்க் கடைகளில் காலையிலிருந்து சாயந்திரம் வரை தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, நல்ல காய், பொடிக் காய், வெடித்த காய் என்று பிரித்துப் பிரித்துத் தேய்ந்தவர்கள் இன்னொரு விதம். ராமுத்தாய் அக்கா இரண்டாவது விதம்.

2. இறுகிய காலுறை

ராமுத்தாய் அக்கா வருவதற்கு முந்தின வருஷம் நடந்த ஒன்றை எழுத வேண்டும். எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

இடுப்பு மூட்டு மாற்றிய ஒரு ஜீப்பு டிரைவர் வார்டில் இருந்தார். ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டுவிடுவோம். மூன்றாம் நாள் காலையில் உடம்பு துடைக்கக் கழற்றினேன். வலது கால் உறை சுலபமாக வந்தது. இடது கால் உறை வரவில்லை. உருட்டி உருட்டி எடுத்த பிறகு பார்த்தால் கெண்டைக்காலில் உறையின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. சதை கல்லு மாதிரி இருந்தது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூடவே ஐந்தாறு பேர். நான் சுவரோரம் நின்றேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இத்தனை படித்தவர்கள் பார்க்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா என்றும் தோன்றியது. அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஜெயா சிஸ்டர் பார்த்துவிட்டுத்தான் ஓடினார். தேனிக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். காலில் ரத்தம் உறைந்திருந்தது. அது கழன்று நெஞ்சுக்கு ஏறினால் ஆள் இல்லை என்றார்கள். நல்லவேளை, ஊசி மருந்தில் பிழைத்துக்கொண்டார். போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். "நல்லாப் பாத்துக்கிட்டம்மா" என்றார். ஒரு நாள் முழுக்க எனக்குத் தெரிந்திருந்தது யாருக்கும் தெரியாது; யாரும் கேட்கவும் இல்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

3. சிவந்த முட்டி

ராமுத்தாய் அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வலது முட்டி மாற்ற வந்தது. வந்த அன்றே வார்டு கலகலவென்று ஆகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்று பெரிய டாக்டர் சொன்னதும், "அப்ப நாற்காலி போட்டா சார் காய் பொறுக்கச் சொல்றீங்க? கடைக்காரன் என்னைய முதலாளின்னு நெனச்சுக் கும்பிட்டுருவான்" என்றது. டாக்டரே சிரித்துவிட்டார்.

என்னை அது பாக்கியம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏ ஊமச்சி, வாய்க்குள்ள என்ன ஏலக்காயா அடக்கி வச்சிருக்க? துப்பிட்டுப் பேசு."

நான் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவேன். அதற்குத் துணையாக மருமகள் செல்வி இருந்தது. சிலமலைப் பெண். மாமியாருக்குத் தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து, காலை அசைக்கச் சொல்லித் தந்ததை எண்ணி எண்ணிச் செய்ய வைக்கும். மகன் முருகன் சாயந்திரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். கோபக்காரன் என்று வாசலில் செருப்பு விடுகிற வேகத்திலேயே தெரியும். சொன்ன நாளில் வீட்டுக்குப் போனார்கள். தையல் பிரித்தபோது எல்லாம் சுத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருக்கும். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். லேசான காய்ச்சல். முட்டி சிவந்து வீங்கியிருந்தது. வெட்டுக்கு வெளிப்பக்கம் தோல் உரிந்து நீர் கசிந்தது.

முட்டி மாற்றினவர்களுக்குச் சீழ் பிடிப்பதைப் போலப் பயப்படுகிற விஷயம் வேறு இல்லை. உள்ளே இருப்பது உலோகம். அதில் கிருமி போய் ஒட்டிக்கொண்டால் மருந்து மட்டும் போதாது. திறந்து கழுவ வேண்டும். அதிலும் அடங்கவில்லை என்றால் போட்ட மூட்டையே எடுக்க வேண்டியதுதான். பெரிய டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது உள்ள இருந்து வெளிய வருதா, வெளிய இருந்து உள்ள போகுதான்னு தெரியணும். அம்மா, சூடு கீடு வச்சீங்களா? எண்ணெய் எதுவும் தேய்ச்சீங்களா?"

ராமுத்தாய் அக்கா மகனைப் பார்த்தது. மருமகளைப் பார்த்தது.

"அய்ய, அதெல்லாம் இல்ல சார். கட்டுத்துணி ஒரசிருச்சு."

செல்வி தலையைக் குனிந்துகொண்டது. சீழ் இருந்தால் கூடுகிற அளவு ரத்தத்தில் கூடித்தான் இருந்தது, ஆனால் அதுவும் பிடி கொடுக்கவில்லை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு எப்படியும் கொஞ்ச காலம் அந்த அளவு கூடுதலாகத்தான் இருக்கும் என்று டாக்டர் ஜெயா சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தியேட்டரில் வைத்து மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுப்பது, சீழ் வந்தால் அப்படியே திறந்து கழுவுவது என்று முடிவானது.

4. கவுன் மாற்றியது

தியேட்டருக்குப் போகிறவர்களைத் தயார் செய்வது ஆயா வேலை. வளையல், மோதிரம், கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். பல்செட் இருந்தால் வாங்கி வைக்க வேண்டும். சேலையை மாற்றிப் பச்சை கவுன் கட்டிவிட வேண்டும். திரையை இழுத்துவிட்டால் உள்ளே நோயாளியும் நாமும் மட்டும்தான். டாக்டரிடம் வராத பேச்செல்லாம் அங்கேதான் வரும்.

ராமுத்தாய் அக்காவின் சேலையை உருவினேன். மடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பொட்டணம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். உள்ளே ஏலக்காய்த் தோல். காய் பொறுக்குகிற பெண்களிடம் ஏலக்காய் வாசனை அடிப்பது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. ஆனால் இது கருகின வாசனை. துணியில் ஒரு பக்கம் பழுப்பாகத் தீய்ந்திருந்தது.

"யக்கா, இது என்ன?"

"அது கெடக்கட்டும், கொண்டா இங்கிட்டு."

நான் கொடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றால் எதிரில் இருக்கிறவர்கள் பேசிவிடுவார்கள். அது ஒன்றுதான் என் வாயால் எனக்குக் கிடைத்த வரும்படி.

"ஒத்தடம்டி" என்றது மெதுவாக. "பொறுக்குற கடையில எங்க எல்லாருக்கும் அதான் மருந்து. தோலைக் கட்டி, தோசைக்கல்லுல வாட்டி முட்டியில வச்சா வலி ஓடிரும். முப்பது வருசமா வைக்கிறேன். ராத்திரி வலி தாங்காம நான்தான் கேட்டேன். அந்தப் புள்ள பயந்து பயந்துதான் வச்சுச்சு. எனக்கு ஒறைக்கவே இல்ல. இன்னும் சூடு பண்ணிக் கொண்டா, இன்னும் சூடு பண்ணிக் கொண்டான்னேன். காலையில பாத்தா கொப்புளம்."

முட்டி மாற்றினவர்களுக்கு வெட்டின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்துப் போகும். வெட்டும்போது சின்ன நரம்பு அறுபடுவதால் அப்படி. உடம்பு துடைக்கிற எங்களுக்கு அது தெரியும். அந்த இடத்தில் ஈரத்துணி பட்டால் "தொட்டியா?" என்று கேட்பார்கள். டாக்டருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். வீட்டில் அடுப்படியில் தோசைக்கல்லோடு நிற்கிற பெண்ணுக்குத்தான் தெரியாது.

"டாக்டர்கிட்ட சொல்லுங்கக்கா."

"சொன்னா முருகன் காதுக்குப் போகும். போச்சுன்னா அந்தப் புள்ளைய அடிச்சு ஊருக்கு வெரட்டிருவான். ஏற்கெனவே ஒரு தடவ வெரட்டிட்டான். எனக்குக் காலு போனாலும் பரவால்லடி, அவ போனா எனக்கு யாரு?" என்று சொல்லி என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

நான் தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் பழக்கம். பொட்டணத்தை என் இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைத் தள்ளினேன்.

5. தியேட்டர் வாசல்

வார்டிலிருந்து தியேட்டருக்கு ஒரு சாய்வுப் பாதை உண்டு. எத்தனையோ தடவை தள்ளிய வண்டி அன்றைக்குக் கனத்தது. ராமுத்தாய் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் சாமி பேர் சொல்லிக்கொண்டிருந்தது. தலையில் வைத்த என் கை எரிகிற மாதிரி இருந்தது.

வாசலில் வண்டியை ஒப்படைத்தால் என் சோலி முடிந்தது. உள்ளே கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் குழாயடியில் முழங்கை வரை கை கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் ஊசி எடுத்து வைத்திருந்தார்கள். ஊசி எந்தப் பக்கம் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வெளிப்பக்கம் மேலே. சிவப்பு ஏறியிருந்த அதே பக்கம்.

பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மாட்டியது இரண்டும் இடது கால் செருப்பு என்பதை வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன்.

"சார்" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "யாரு, பாக்கியம்மாவா பேசுறது? ஜெயா, கரண்டு போகப்போகுது, ஜெனரேட்டரை ரெடியா வை."

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி நாக்கு ஒட்டிக்கொண்டது. இடுப்பிலிருந்து பொட்டணத்தை எடுத்து நீட்டினேன். கை கழுவினவர் தொடக் கூடாது என்பதால் ஜெயா சிஸ்டர் வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் மோந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சுட்டதா?"

தலையாட்டினேன். பிறகு எப்படியோ வந்தது. "அந்த இடம் ஒறைக்காது சார். அவங்களுக்குத் தெரியல. கொப்புளம் வந்தப்புறந்தான் செவந்துருக்கு."

டாக்டர் குழாயை மூடினார். வண்டிப் பக்கம் வந்து ராமுத்தாய் அக்காவிடம் குனிந்து, "சூடு வச்சது எத்தனை நாளைக்கு முந்திம்மா?" என்று கேட்டார். அக்கா முதலில் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறு நாளு" என்றது.

"நல்லவேளை" என்று டாக்டர் ஜெயா சிஸ்டரிடம் சொன்னார். "சுட்ட தோல் வழியா ஊசி போயிருந்தா, மேல இருக்கிற கிருமியை நாமளே உள்ள கொண்டு போய் விட்டிருப்போம். உள்பக்கத் தோல் சுத்தமா இருக்கு. அங்கிட்டு விடலாம்."

உள்பக்கமாக ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். லேசான ரத்தக் கலரில் தெளிவாக வந்தது. சீழ் இல்லை. திறக்காமல் அப்படியே வார்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். நீரை மதுரைக்கு அனுப்பிப் பார்த்ததில் சில நாள் கழித்துக் கிருமி எதுவும் வளரவில்லை என்று பதில் வந்தது. மூட்டு பிழைத்தது.

6. ஈரப் பஞ்சு

மற்றது பிழைக்கவில்லை. அன்றைக்கே முருகனுக்குத் தெரிந்துவிட்டது. வராந்தாவில் நின்று செல்வியைக் கத்தினான்.

"எங்க ஆத்தாளைக் கொல்லவா வந்த? சுட்டு வச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற!"

செல்வி துணிப்பையை எடுத்துக்கொண்டு சிலமலை பஸ் ஏறப் போய்விட்டது. வார்டு ஜன்னலில் நின்று நான்தான் அது போவதைப் பார்த்தேன்.

ராமுத்தாய் அக்கா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது நான்தான் காலைப் பிடித்திருப்பேன். மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். ஊமச்சி என்று கூடக் கூப்பிடவில்லை. என்னைத் திட்டிக் கூப்பிட ஆள் இல்லாத வார்டு அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, முருகன் வந்த நேரம் பார்த்து டாக்டர் அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கையில் கொடுத்தார்.

"அம்மா, கண்ணை மூடிக்கங்க. மகன் தொடுறப்ப சொல்லுங்க. நீ தொடுப்பா, புண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி."

அவன் தொட்டான். அக்கா பேசாமல் இருந்தது. மறுபடி தொட்டான்.

"இன்னும் என்னடா தொடாம நிக்கிற?" என்றது அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"உங்கம்மாவுக்கே தெரியல, அந்தப் பொண்ணுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார் டாக்டர். "வீட்டுக்கு அனுப்புறப்ப இதை நாங்க தொட்டுக் காட்டியிருக்கணும். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டு."

முருகன் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். தண்ணீர் தரையில் சொட்டியது. அடுத்த நாள் காலையில் செல்வி வார்டுக்கு வந்தது. போய்க் கூட்டி வந்தது அவன்தான். அவன் என்ன சொல்லிக் கூட்டி வந்தான் என்று எனக்குத் தெரியாது. தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு, மாமியாருக்குத் தலை வார உட்கார்ந்தது.

அன்றிலிருந்து முட்டி மாற்றிய யாரையும் வீட்டுக்கு அனுப்பும் முன், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கையில் ஈரப் பஞ்சைக் கொடுத்துத் தொட வைப்பது எங்கள் வார்டு வழக்கமானது. அது ஆயா வேலை. சிஸ்டர் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள். உறைக்காத இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, "இங்க சூடும் வேண்டாம், ஐஸையும் துணி சுத்தாம வைக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

கட்டில் விரிப்பைச் சுருட்டும் முன் பிரித்துப் பாருங்கள். கறை இருந்தால் என்ன கலர், எந்த இடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு கெண்டைக்காலையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் பிடித்துப் பாருங்கள், ஒன்றைவிட ஒன்று இறுகியிருந்தால் கையே சொல்லிவிடும். முட்டிக்குக் கீழே தலையணை வைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். வைக்காதீர்கள். கால் மடங்கினபடியே நின்றுவிடும்.

7. தலையாட்டியது

புண் ஆற மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அக்கா வீட்டுக்குப் போகும்போதும் என்னிடம் பேசவில்லை. அடுத்த மாதம் காட்ட வந்தபோது கைத்தடியை ஊன்றித் தானே நடந்து வந்தது. நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "ஏ ஊமச்சி" என்றது.

துடைக்கிற துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"காலு நல்லாருக்கு."

"சரிக்கா."

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாட்டி இந்நேரம் கட்டில்ல கெடப்பேன். எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "ஆனா தலையில கைய வச்சுட்டு, தலைய ஆட்டிட்டு, நேரா போய்ச் சொல்லிட்டியே. 'யக்கா, என்னால மறைக்க முடியாது, சொல்லத்தான் போறேன்'னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே சொல்லியிருப்பேன்டி. மருமகளக் காட்டிக் குடுக்காம நானே சூடு வச்சுக்கிட்டேன்னு சொல்லியிருப்பேன். நீ எனக்கு அந்த வழியையே வைக்கல."

அது சரிதான். சாய்வுப் பாதை முழுக்க அக்காவைத் தள்ளிக்கொண்டு போனேன். நின்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அத்தனை தூரம் இருந்தது. டாக்டரிடம் பேசத்தான் பயம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளியிடம் மாட்டேன் என்று சொல்லவும் எனக்குப் பயம்தான். அதை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"தப்புத்தான்க்கா" என்றேன்.

"சரி, போ. வெரசாத் துடை, நான் வழுக்கி விழுந்தா இடுப்பையும் மாத்தச் சொல்லிருவாக" என்றது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். திரையை இழுத்துவிட்டு கவுன் மாற்றும்போது யாராவது, "யார்கிட்டயும் சொல்லாத" என்று ஆரம்பித்தால், அவர்கள் மேலே பேசும் முன்னே நான் சொல்லிவிடுவேன்: "குடும்பக் கதைன்னா சொல்லுங்க, எனக்குள்ளயே இருக்கும். காலு சம்பந்தமா இருந்தா நான் சிஸ்டர்கிட்ட சொல்லிருவேன். யோசிச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

முதல் தடவை அப்படிச் சொன்னபோது உள்ளே இருந்த அம்மா என்னைப் பார்த்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு சொல்லிவிட்டது. பிறகு வந்தவர்களும் அப்படித்தான். சொல்லிவிடுவேன் என்று சொன்ன பிறகு, சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவர்கள் ஒருவரோ இருவரோதான்.